பதிமூன்றாவது பெயர்

கனகலதாவுக்கு ரக்பியின் மேல் தனியாக ஆசை எதுவும் இருந்ததில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு நிரந்தர வேலை. திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடமாகத் தற்காலிக விளையாட்டு ஆசிரியை. ஏப்ரல் முடிந்ததும் நிறுத்துவார்கள், ஜூன் பிறந்ததும் மறுபடி எடுப்பார்கள். நடுவிலே ஒரு மே மாதம் அவள் யாருக்கும் எதுவும் இல்லை. பதினோரு மே மாதங்கள் அப்படிப் போயிருந்தன. முப்பத்தெட்டு வயது ஆகியிருந்தது.

கபடி ஆடிய காலத்தில் அவள் இடது மூலையில் நிற்பாள். பாடி வருகிறவளின் கணுக்கால் அவள் கையில் சிக்கினால் சிக்கினதுதான். அந்தக் கையைப் பார்த்துத்தான் சக்கரவர்த்தி அவளைக் கூப்பிட்டனுப்பினார். தேரடி வீதியில் லாட்ஜ் வைத்திருப்பவர். வாழ்நாளில் ஒரு விளையாட்டும் விளையாடியதில்லை, நான்கு விளையாட்டுகளுக்கு மாவட்டச் செயலாளர். ஐந்தாவதாக ரக்பி வந்து சேர்ந்திருந்தது.

"மெட்ராஸ்ல மூணு நாள் கேம்ப் வெக்கிறாங்க. போய்ட்டு வாம்மா. ரெண்டு பந்து குடுப்பாங்க. அடுத்த வருஷம் ஸ்டேட் மீட் நம்ம ஊர்லதான். ஏழு பேர் ஆடற ஆட்டம்."

"எனக்கு அந்த ஆட்டமே தெரியாது சார்."

"யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும் தெரியுமா? மொத மூணு எடத்துக்குள்ள வந்தா பொண்ணுங்களுக்கு சர்டிபிகேட். போலீஸ் செலக்‌ஷனுக்கு அது செல்லும். கப்பு ஜெயிச்ச டீமோட கோச்சுதான் ஸ்டேட் டீமுக்குக் கோச்சு. அந்த லெட்டர் கைல இருந்தா கவர்மென்ட் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல உனக்கு வேலை. நான் பேசி வெச்சிருக்கேன்."

கனகலதா பந்தைப் பற்றி யோசிக்கவில்லை. மே மாதத்தைப் பற்றி யோசித்தாள். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் ஏமாந்தது ஏழு என்ற எண்ணில். கபடிக்கும் ஏழு பேர், இதற்கும் ஏழு பேர். பிடிக்கத் தெரிந்த பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். பழைய கபடிப் பெண்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்தாள். பதினேழிலிருந்து இருபது வயது வரை. எல்லாரும் புலிகள். பிடித்தால் விடமாட்டார்கள். ஊரில் அவர்களைக் கண்டால் ஆண் கபடிக் குழுக்களே ஒதுங்கிப் போகும்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி அணி நட்புக்கு ஆட வந்தது. பதினான்கு நிமிட ஆட்டம். ஐம்பத்திரண்டுக்குப் பூஜ்யம்.

நடந்தது இதுதான். பந்தை வைத்திருக்கிற ஒருத்தியின் மேல் நம் புலிகள் ஏழு பேரும் பாய்ந்தார்கள். ஒருத்தி கணுக்கால், ஒருத்தி தொடை, ஒருத்தி இடுப்பு, மிச்சப் பேர் மேலே. அந்தப் பெண் மூச்சுத் திணறி விழுவதற்கு முன்னால் பந்தைப் பக்கத்திலிருந்த தோழியிடம் தட்டிவிட்டாள். எழுபது மீட்டர் அகல மைதானம் முழுக்கக் காலி. தோழி அவசரமே இல்லாமல், அவிழ்ந்த தலைமுடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வைத்துப் புள்ளி எடுத்தாள். எட்டு தரம் இதே கதை. கீழே கிடந்த ஏழு பேரும் ஒவ்வொரு தரமும் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு எழுந்து பார்த்தார்கள்.

இதற்கு மேல் அவர்களில் ஒருத்தி, தனம், ஒரு கூத்து செய்தாள். பந்தோடு ஓடி வந்தவள் தனத்தின் தோளில் கை வைத்துத் தள்ளிவிட்டுப் போனாள். தனம் எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே வந்து கைகட்டி நின்றுகொண்டாள்.

"ஏன்டி வெளிய வந்த?" என்று கத்தினாள் கனகலதா.

"தொட்டுட்டுப் பூட்டாளேக்கா. நான் அவுட்டு."

அன்று எல்லாரும் சிரித்தார்கள், கனகலதாவைத் தவிர. பத்து வருடம் உடம்பில் ஊறிப்போன ஆட்டத்தை உடம்பிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும். இவர்களுக்குப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை, பிடிக்காமல் இருக்கச் சொல்லித்தர வேண்டும். ஒருத்தி பிடிக்கட்டும், மற்றவர்கள் அவரவர் இடத்தில் நிற்கட்டும். பக்கத்தில் இருப்பவள் பிடித்துவிடுவாள் என்று நம்பி, கை துறுதுறுத்தாலும் நிற்கட்டும். சொல்வது சுலபம். கண்ணுக்கு முன்னால் ஒருத்தி ஓடும்போது கபடிக்காரியின் கை சும்மா இருக்குமா?

கடைத்தெருவுக்குப் போய்க் கிணற்றுக் கயிறு ஒன்று வாங்கி வந்தாள். ஆறு இடத்தில் முடிச்சுப் போட்டாள். முடிச்சுக்கு ஒருத்தியாக ஆறு பேர் பிடித்துக்கொண்டு ஒரே வரிசையாக எதிரணியை நோக்கி மேலே ஏற வேண்டும். யாராவது முந்தினால் கயிறு இழுக்கும், பிந்தினால் தொய்யும். ஏழாமவள் பின்னால் தனியாக நின்று, வரிசையைத் தாண்டி வருகிறவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறும் வரை இந்தக் கயிற்று வேலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்த மைதானத்தைக் கிரிவலப் பேருந்துகள் நிறுத்தக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் காலை பாட்டில் சில்லும் பாக்குமட்டைத் தட்டும் பொறுக்கிவிட்டுத்தான் கயிற்றைத் தொட முடியும்.

"ஒருத்தி விழுந்துட்டா மீதிப் பேர் இன்னா செய்யணும்?"

"நெருங்கி வந்து அந்த எடத்த மூடணும்க்கா!"

"எவ்ளோ நேரத்துல?"

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள!"

இந்தக் கேள்வி பதிலை அவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கயிறு இருக்கும்வரை எல்லாம் சரியாக நடந்தது. கயிற்றை எடுத்ததும் மறுபடி ஏழு பேரும் ஒருத்தி மேல் விழுந்தார்கள். மூன்று மாதம் கனகலதா தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். பக்கவாட்டிலிருந்து கத்துகிறவளுக்கு வரிசையில் எங்கே ஓட்டை விழுகிறது என்று தெரிவதில்லை. தெரிவதற்குள் ஓட்டை வழியாக ஆள் போய்விடும்.

வழி காட்டியவள் பொன்னி. கீழ்பென்னாத்தூர்க்காரி. அப்பா இல்லை, அம்மா வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலிக்குப் போகிறவள். பொன்னிக்கு ஓட்டம் கம்மி. அதனால்தான் அவளைப் பின்னால் நிறுத்தியிருந்தாள் கனகலதா. ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "தனம் நில்லு! த்ரிசலா வெளிய! மேல மேல மேல!" விதைத்த கடலையைக் காக்கை பொறுக்காமல் சின்ன வயதில் கொல்லைக்குக் கொல்லை நின்று விரட்டிய குரல். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒரு எழுத்து சிதறாமல் வந்தது. வரிசை அப்படியே ஏறியது. கையில் கயிறு இருப்பதுபோலவே ஏறியது. எதிரே பந்தை வைத்திருந்தவள் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், போக வழியில்லாமல் நின்றுவிட்டாள். தனம் ஒருத்தி மட்டும் போய் அவளைப் பிடித்தாள். மற்ற ஐந்து பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

கனகலதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஐந்து பெண்கள் சும்மா நின்றதற்காக ஒருத்தி அழுதாள்.

அன்றிலிருந்து அவள் வேலையே மாறிப்போனது. கயிற்றைச் சுருட்டி வைத்தாள். பொன்னியின் குரல்தான் கயிறு. அந்தக் குரலைத் தவிர வேறு எதுவும் பெண்களின் காதில் ஏறக் கூடாது என்று ஒரு பயிற்சி கண்டுபிடித்தாள். ஆட்டம் நடக்கும்போது பக்கவாட்டில் நின்று வேண்டுமென்றே தப்புத் தப்பாகக் கத்துவாள். பொன்னி "நில்லு" என்றால் இவள் "மேல" என்பாள். இவள் பேச்சைக் கேட்டு ஒரு அடி எடுத்து வைத்தவள் மைதானத்தை மூன்று சுற்று ஓட வேண்டும்.

"என் கொரலு உங்க காதுல விழவே கூடாது. நான் அழுதாலும் சரி, கலெக்டரே வந்து கத்துனாலும் சரி. உள்ள எறங்கிட்டா பொன்னி மட்டுந்தான்."

முதல் வாரம் எல்லாரும் ஓடினார்கள். இரண்டாவது மாதம் ஒருத்தியும் ஓடவில்லை. கனகலதா கத்திக் கத்திப் பார்த்தாள், வரிசை அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் பேச்சை ஒருவரும் கேட்காததற்குப் பெருமைப்பட்ட ஒரே வாத்தியார் இந்த ஜில்லாவில் அவளாகத்தான் இருப்பாள். அதே சென்னைக் கல்லூரி மறுபடி வந்தது. இந்த முறை பன்னிரண்டுக்கு ஏழு என்று இவர்கள் ஜெயித்தார்கள்.

போட்டி 2009 ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அதற்குப் பதினைந்து நாள் முன்னால் சக்கரவர்த்தி ஒரு பெண்ணைக் காரில் அழைத்து வந்தார். அவருடைய தங்கை மகள் ஓவியா. வேலூரில் படிக்கிறாள், நூறு மீட்டர் ஓட்டத்தில் மெடல் வாங்கியவள். பந்தைக் கையில் கொடுத்தால் ஒருத்தியும் கிட்டே வர முடியாது. நல்ல பெண்தான், அகம்பாவம் கிடையாது. மட்டமான ஆட்டக்காரியாக இருந்திருந்தால் கனகலதாவுக்கு முடியாது என்று சொல்ல ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

"லிஸ்ட்டு பன்னெண்டு பேருதான்மா. யாரை எடுக்கறதுன்னு நீயே பாத்துக்க. நான் எதுலயும் தலையிட மாட்டேன்" என்றார் சக்கரவர்த்தி. தலையிடாதவர் அவ்வளவு தூரம் காரில் வந்திருந்தார்.

கனகலதா சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிற வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. அன்று ஐந்தரைக்கே தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தபடி பன்னிரண்டு பெயர்களையும் ஒவ்வொன்றாக மனதில் எடுத்து எடுத்து வைத்தாள். தனத்தை எடுத்தால் அவள் மாமா கவுன்சிலர், வீட்டு வாசலில் வந்து நிற்பார். த்ரிசலா சொந்தக்காரப் பெண், ஊருக்குப் போக முகம் இருக்காது. இன்னொருத்தியின் அப்பா போலீஸ்காரர். இப்படியே ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார்கள். பொன்னிக்குப் பின்னால் மட்டும் யாரும் இல்லை. கேட்க ஆள் இல்லாதவளைத்தான் எடுக்கப்போகிறோம் என்பது தெளிவானபோது வெளியே இருட்டிவிட்டது. பிசைந்த சோற்றை மாட்டுக்குப் போட்டுவிட்டுப் பட்டினி படுத்தாள். ஒருவேளைப் பட்டினியோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. இதே அநியாயம் அவளுக்கும் நடந்திருக்கிறது. 1990இல் மாநிலக் கபடிக்குப் போன அணியில் கடைசி நேரத்தில் அவள் பெயர் போய் யாருடைய மகளின் பெயரோ வந்தது. "நீ தண்ணி குடுத்துக்கிட்டுக் கூட இரும்மா, உனக்கும் சர்டிபிகேட் தபால்ல வரும்" என்று அப்போதைய கோச் சொன்னார். போளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இரண்டு வருடம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடியவள் கனகலதா. தபால்காரர் கடைசியில் அவள் தெருப் பக்கம் வந்தால் மணி அடிப்பதையே நிறுத்திவிட்டார். அதை மறந்தவள் இல்லை. ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை என்பது மறுநாள் காலை தெரிந்தது.

"பொன்னி, உள்ள எறங்கறதுக்கு ஓவியாவ எடுத்திருக்கோம். ஓட்டம் ஜாஸ்தி அவளுக்கு. நீ நம்ம கோட்டுக்குப் பின்னால வெளிய நின்னுக்கிட்டுக் கத்து. உன் கொரலு எங்கேர்ந்தாலும் கேக்கும்."

பொன்னி மண்ணைக் காலால் கீறினாள். "எம்பேரு லிஸ்ட்ல இருக்குமாக்கா?"

"பதிமூணாவதா போட்டிருக்கேன். சர்டிபிகேட் தபால்ல வரும்."

"எங்கம்மா போலீஸ் வேலன்னு கொல்லையில எல்லார்ட்டயும் சொல்லிக்கினு கெடக்குது. அதான் கேட்டேன்."

"நான் இருக்கேன்ல? நம்பு."

பொன்னி நம்பினாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு அணிகள் வந்திருந்தன. மலைக்கு மேல் மேகம் நின்றதால் வெயில் இல்லை. காலையில் இரண்டு ஆட்டம், இரண்டிலும் ஜெயித்தார்கள். ஓவியா பந்தை வாங்கினால் நேரே எதிரணிக் கோட்டில்தான் நின்றாள். அவள் பின்னால் திரும்பி ஓடி வந்து தடுக்கத் தெரியாமல் நின்றபோதெல்லாம் கோட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்து வரிசையை நகர்த்தி அந்த இடத்தை மூடியது. பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறும்போது பொன்னியும் வெளியே சுற்றிக்கொண்டு அடுத்த கோடிக்கு நடப்பாள். தோளில் தண்ணீர்க் கேனும் இருக்கும். சக்கரவர்த்தி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பாத்தியா, ஒரு கொறையும் இல்ல" என்றார். கனகலதாவும் தலையாட்டினாள். யாரும் நஷ்டப்படாமல் காரியம் முடிந்துவிட்டது என்று அந்த ஒரு மணி நேரம் அவள் மனப்பூர்வமாக நம்பினாள்.

மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கி வரப் பொன்னியை அனுப்பினாள். எலுமிச்சைச் சாதம். பொன்னி பன்னிரண்டு பொட்டலம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். தனியாகப் போய்க் கேனின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ சாப்பிடல?" என்றாள் கனகலதா.

"பசிக்கலக்கா."

தனம் தன் பொட்டலத்தில் பாதியை நீட்டினாள். அதையும் வாங்கவில்லை. கனகலதா அதற்குமேல் கேட்கவில்லை. அரையிறுதி இரண்டரைக்கு. அவள் நினைப்பு அதில் இருந்தது.

அரையிறுதியில் பொன்னி கத்தியதுபோல் அதற்கு முன் கத்தியதே இல்லை. எதிரே மதுரை அணி, ஆளுக்கு ஆள் திடமாக இருந்தார்கள். பதினான்கு நிமிடமும் அந்தக் குரல் ஓயவில்லை. மேல, நில்லு, வெளிய, தனம் உன்னுது, விடு அவ பாத்துக்குவா, மேல. கடைசி நிமிடத்தில் மதுரைப் பெண்கள் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் நின்று மோதினார்கள். மறுபடி மறுபடி மோதினார்கள். வரிசை அசையவில்லை. ஊதல் ஊதினார்கள். பத்துக்கு ஐந்து. பெண்கள் எல்லாரும் ஓடிப்போய்ப் பொன்னியைக் கட்டிக்கொண்டார்கள். இறுதிப் போட்டிக்கு வந்தாயிற்று, தோற்றாலும் இரண்டாம் இடம், பன்னிரண்டு பேருக்கும் சான்றிதழ் உறுதி. பொன்னி ஒவ்வொருத்தியின் முதுகிலும் தட்டிக்கொடுத்தாள்.

இனி மிச்சம் இருந்தது கோப்பை. கோப்பை என்றால் கனகலதாவின் வேலை.

ஐந்து மணிக்கு இறுதிப் போட்டி. எதிரே சென்னை அணி. பாதிக்குப் பத்து நிமிடம். பொன்னி வழக்கம்போல் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். கேனைக் கீழே வைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். ஆட்டம் ஆரம்பித்தது.

சென்னைப் பெண்கள் பந்தை எடுத்து அகலமாகப் பரவினார்கள். நம் வரிசை நின்றது. குரலுக்காக நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி. தனம் திரும்பிப் பார்த்தாள். திரும்பிய அந்தத் தலைக்கும் த்ரிசலாவுக்கும் நடுவே ஒருத்தி புகுந்து போய்விட்டாள். ஐந்து புள்ளி. அதற்குப் பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்ததில் இன்னும் இரண்டு புள்ளி.

தொண்டை கட்டிக்கொண்டதோ என்று கனகலதா பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. மறுபடி பந்து வந்தது. மறுபடி ஆறு தலைகள் பின்னால் திரும்பின. பொன்னி நின்றாள், அவ்வளவுதான்.

"மேல! மேல வாங்கடி! தனம், மேல!" கனகலதா எல்லைக் கோட்டோரம் ஓடிக்கொண்டே கத்தினாள். "த்ரிசலா வெளிய! வெளிய போ!"

ஒருத்தியும் அசையவில்லை. கண்ணிமைக்கக்கூட இல்லை. இரண்டு மாதம் மூன்று சுற்று மூன்று சுற்றாக ஓடவிட்டுச் சொல்லிக்கொடுத்த பாடம் உடம்பில் பத்திரமாக இருந்தது. அவள் கத்தினாள், கும்பிட்டாள், ஒரு கட்டத்தில் பேர் சொல்லித் திட்டினாள். அவள் இவ்வளவு கத்தியது எல்லாம் அவர்களுக்குப் பழகிப்போன பொய்க் கத்தலாகவே கேட்டது. மூன்றாவது முறை பயம் தாங்காமல், ஓவியாவைத் தவிர ஆறு பேரும் பழைய கபடிக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருத்தி மேல் ஆறு பேர். பந்து பக்கத்தில் போயிற்று. பக்கத்தில் ஆளே இல்லை.

இடைவேளையில் பதினேழுக்கு ஐந்து. அந்த ஐந்தும் ஓவியா தனியாக ஓடி எடுத்தது. பெண்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். கனகலதா அவர்களிடம் போகவில்லை. கோட்டைச் சுற்றிக்கொண்டு பொன்னியிடம் ஓடினாள். பொன்னி கேனைத் தோளில் மாட்டி அடுத்த கோடிக்கு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? ஏன் கத்தல?"

பொன்னி நிற்காமல் நடந்தாள். "சாப்பாடு வாங்கப் போனேன்ல? பதிமூணு குடுங்கன்னேன். பொட்டலம் குடுக்கறவரு லிஸ்ட்ட எடுத்துப் பாத்துட்டு, பன்னெண்டுதான்மா இருக்குது, உன் பேரு இன்னான்னு கேட்டாரு. சொன்னேன். வெரல வெச்சு ஒண்ணொண்ணா படிச்சாரு. அப்புறம் எங்கிட்டயே குடுத்து நீயே பாத்துக்கம்மான்னாரு. பதிமூணுன்னு ஒரு நம்பரே இல்லக்கா."

கனகலதா கூடவே ஓடினாள். "அது வந்து... நான் சார்கிட்ட பேசறேன் பொன்னி. இன்னிக்கே பேசறேன். இப்ப மட்டும் கத்து. உன் ஃப்ரெண்ட்ஸுக்காவது..."

"அவங்களுக்குத்தான் செமி பைனல்ல கத்திட்டேனே. சர்டிபிகேட் வந்துட்டுது அவங்களுக்கு." பொன்னி இப்போதுதான் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "மதியத்துலேர்ந்தே தெரியும்க்கா. அது அவங்களுக்கு. இது உங்களுக்கு."

சொல்லிவிட்டு அடுத்த கோட்டுக்குப் பின்னால் போய்த் தன் இடத்தில் நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள். போயிருக்கலாம். வெளி வாசல் பத்தடியில் இருந்தது. போகாமல் அந்தப் பத்து நிமிடமும் நின்று பார்த்தாள். சான்றிதழ் தபாலில் வராது என்று தெரிந்துகொள்ள கனகலதாவுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஒரு சாப்பாட்டு வேளை போதுமானதாக இருந்தது. அதற்குமேல் தெரிந்துகொண்டு என்ன செய்யவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. தான் அன்று தண்ணீர் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்ததை நினைத்தபோது கனகலதாவுக்கு வெட்கத்தோடு பொறாமையும் வந்தது.

முப்பத்தொன்றுக்கு ஐந்து.

சக்கரவர்த்தி நாற்காலியை விட்டு எழுந்தார். "மெட்ராஸ்காரன்தான்மா இனி ஸ்டேட் கோச்சு. இன்னா பண்றது, உனக்கு ராசி இல்ல. அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அதற்கு நடுவே ஒரு மே மாதம் இருப்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

தனம் முழங்காலில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அழுதிருந்தாள்.

"நான் கத்துனது உங்களுக்குக் கேக்கலியாடி?" என்றாள் கனகலதா.

"கேட்டுதுக்கா. உங்க கொரலக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

ஒவ்வொருத்தியாகப் பெயர் படித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். பன்னிரண்டு பெயர். அப்புறம் போட்டோ. போட்டோக்காரர் இரண்டாம் இடத்து அணியை வரிசையாக நிற்கச் சொன்னார். பெண்கள் பழக்கத்தில் நிற்கிறபடி நின்றார்கள். தனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. பயிற்சி முடிந்து பேசிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் பொன்னி வந்து நிற்கிற இடம். யாரும் வேண்டுமென்று விடவில்லை. கால்கள் தாமாக விட்டிருந்தன.

மைதானத்தின் அந்தக் கோடியில் பொன்னி தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பேருந்து ஆறரைக்கு. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். பொன்னி, நீயும் வந்து நில்லு என்று சொன்னால் போதும். சான்றிதழ் கிடைக்காது, போட்டோவிலாவது இருப்பாள். கனகலதா வாயைத் திறந்தாள். பக்கத்தில் சக்கரவர்த்தி, அவருக்கு முன்னால் கோட்டு போட்ட சங்கத்து ஆட்கள், அடுத்த வருடம் மறுபடி கேட்டுப் போய் நிற்கவேண்டிய முகங்கள். சற்று முன்வரை கத்திய தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"நடுவுல கேப்பு தெரியுதும்மா, கொஞ்சம் நெருங்குங்க" என்றார் போட்டோக்காரர்.

பெண்கள் நெருங்கினார்கள். யோசிக்கவில்லை, ஒருத்தியை ஒருத்தி பார்க்கவும் இல்லை. தோளோடு தோள் சேர்ந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்த இடத்தை மூடினார்கள்.